பன்னிரண்டாவது வேக்குவம் கிளீனர்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு, கண்ணுகளா, ஏலத்தில் பழைய வேக்குவம் கிளீனர் வாங்குவதில் அப்படியொரு பைத்தியம். எது வந்தாலும் முதலில் தூசிப் பையைச் செய்தித்தாளில் கொட்டிப் பார்ப்பார். பன்னிரண்டாவதாக வந்ததற்கு வயரே இல்லை. அதன் பையில் நீலப் பொத்தான் ஒன்று இருந்தது, அவர் போட்டிருந்த சட்டையின் பொத்தான் போலவே. மறுநாள் அவர் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம்.

காலியான பையை மறுபடி உதறினார். மூக்குக்கண்ணாடித் திருகாணி விழுந்தது. மனைவியின் கண்ணாடி அப்போது நன்றாகத்தான் இருந்தது. மாலையில் அதன் ஒரு கால் கழன்று தொங்கியது.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் பையை உதறினார்.

"பேசாம அந்த ஓட்டை மெஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க," என்றாள் மனைவி.

இன்று காலை மோதிரம் விழுந்தது. உட்புறம் அவர் பெயர். சோப்பு போட்டும் மனைவியின் விரலைவிட்டு வராமல், நகைக்கடைக்காரரே கைவிரித்த மோதிரம்.

சமையலறைக்கு ஓடி அவள் கையைப் பிடித்தார். மோதிரம் விரலில்தான் இருந்தது.

"விடுங்க, பால் பொங்குது!"

"பொங்கட்டும்மா."

பால் பொங்கி வழிந்தது. அவர் விடவில்லை. அவர் பிடிக்குள்ளேயே அந்த மோதிரம், தளர்ந்து, மெல்ல ஒரு சுற்றுச் சுழன்றது.