ஒரு குடம் குறைவு

என் மனைவி உமையாளின் விலை ஒரு வெள்ளிக் குடம். முதலில் அவளைப் பெண் பார்த்த பெரிய வீட்டார், கல்யாணச் சாமான் பேசும்போது பட்டியலுக்கு மேல் அந்த ஒரு குடத்தையும் கேட்டார்கள், அவள் அப்பா மறுத்தார், சம்பந்தம் முறிந்தது. குடம் இல்லாமலே சம்மதித்த எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இருபது வருஷம் கழித்து, காரைக்குடிப் பக்கம் மாளிகை பார்க்கப் போனோம். பொழுது சாய்வதற்குள் ஒன்றுதான் முடியும். எது என்று காரிலேயே பேரம். நான் பர்மா தேக்குத் தூண்கள் உள்ள வீட்டுக்காக வாதாடினேன். மகள் தேனு சினிமா எடுத்த வீட்டைக் கேட்டாள். உமையாள் அந்தப் பெரிய வீட்டைச் சொன்னாள்.

"அங்க என்னம்மா இருக்கு?"

"நான் வாக்கப்பட இருந்த வீடுடி. ஒரு தடவை பாத்துடணும்."

என் தூண்களை உடனே விட்டுக்கொடுத்தேன்.

உள்ளே பளிங்குத் தரையை அவள் குனிந்தும் பார்க்கவில்லை; நேரே அடுப்படிக்குப் போனாள். எந்த முகத்தோடு திரும்புவாளோ என்று முற்றத்தில் காத்து நின்றேன்.

வந்தாள். "ஏங்க, அடுப்படிக்கும் பந்திக்கும் ஒரு மைல் இருக்கு. கொண்டுபோறதுக்குள்ள சோறு ஆறிரும். தப்பிச்சேன், வாங்க."

டிக்கெட் மூன்று, செலவு நூற்றைம்பது ரூபாய். முறைப்படி மாமனார் தர வேண்டிய வெள்ளிக் குடம் ஒன்று, இன்னும் பாக்கி. கேட்பதாக இல்லை.