ஜன்னலில் ஒரு ஆம்பளை

"வெத்தோர் கடல்ல மூழ்கி அஞ்சு மாசம் ஆகல. அதுக்குள்ள அவன் பொண்டாட்டி இசபெத்தா ஜன்னல்ல ஒரு ஆம்பளை, சாமி! தொப்பி மறைக்குது, மூஞ்சி சரியாத் தெரியல. ஆனா தினமும் நிக்கிறான்!"

ஜனெட்டா பங்குச் சாமியாரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். வெனிஸில் அந்தக் கால்வாய்க்கரையே அவள் வாய்க்குப் பயப்படும்.

இசபெத்தாவின் மாடிக்குப் போனால், அந்த ஆம்பளையைக் காணோம். ஜன்னலில் ஒரு பலகை சாத்தியிருந்தது.

ஜனெட்டா அதை வெடுக்கென்று திருப்பினாள். செத்துப்போன வெத்தோர் அவளையே பார்த்தான்!

"ஐயோ, மாதாவே!"

ஓவியம். வரைந்தவன் எமகாதகன்! ஜன்னல் கட்டையைத் தாண்டி முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் வழவழவென்று வெறும் பலகை.

"கப்பல் ஏறுமுன்ன வரைஞ்சது அக்கா," என்றாள் இசபெத்தா.

"அதை உள்ளே மாட்டுறதுதானேடி! ஊர் பார்க்க எதுக்கு?"

"ஊருக்கில்ல. எதிர்க்கரையில மாமா படுத்த படுக்கையா இருக்காரு. மகன் போனது தெரிஞ்சா அன்னைக்கே உசுரு போயிடும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. கப்பல் வந்தாச்சு, கொள்ளைநோய்க்குப் பயந்து அவரை நாற்பது நாள் வீட்டுக்காவல்ல வெச்சிருக்காங்கன்னு சொல்லிவெச்சேன். கண்ணு மங்கல்தானே, இதைப் பார்த்துத் தினமும் கையாட்டுறாரு."

எதிர் ஜன்னலில் மெலிந்த கை ஒன்று எழுந்தது. ஜனெட்டா பதறிப்போய்ப் பலகையைப் பழையபடி நிறுத்தினாள்.

பாவம், என்ன பேச்சுப் பேசிவிட்டோம்! மறுநாள் வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீனோடு எதிர்க்கரைக் கிழவர் பொர்த்தோலோவைப் பார்க்கப் போனாள்.

"நேத்து உங்க மகனைப் பார்த்தேன் பெரியப்பா. சும்மா ராஜா மாதிரி இருக்காரு!"

கிழவர் சிரித்தார். "நீயும் கூட்டுச் சேர்ந்துட்டியா? அவன் ஒரு இடத்துல ஒரு நிமிஷம் நின்னவனா? ரெண்டு மாசமா முழங்கையைக்கூட மாத்தாம நிக்கிறானே, பெத்தவனுக்குத் தெரியாதா?"

ஜனெட்டா மீன் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்ப... எல்லாம் தெரிஞ்சுமா தினமும் கையாட்டுறீங்க?"

"நாற்பது நாள் முடிஞ்சு இருபது நாளாச்சு. நான் வாயைத் திறக்கலையே!" கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பலகைக்குப் பின்னால அந்தப் பொண்ணு நிக்குதும்மா. நான் கையாட்டுவேன்னுதான் அது காலையில எழுந்து ஜன்னலைத் திறக்குது."