பானைக்குள் இன்சுலின்

குடவாசல் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈரமணல் நிரப்பிய பானைக்குள் இன்சுலின் கெடாமல் இருக்குமா என்று ஆராய, மருந்தாளுநர் பூர்ணிமா இருபது பேருக்குத் தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறாள். அவர்களில் ஒருவரான சைத்தூன் பீவி நீட்டிய தாளில், தினமும் காலையில் எழுதச் சொன்ன வெப்ப அளவுகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு வரிசை எண்கள் இருக்கின்றன. “இது என்னங்கம்மா?” “வெயில் கொளுத்துறப்பதானேம்மா மருந்து கெடும்? அதான் மத்தியானமும் பாத்து எழுதினேன். ஒரு நாளும் இருபத்தாறு டிகிரியைத் தாண்டல.” பூர்ணிமாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன. இத்தனை நாள் தனக்குத் தோன்றாத கேள்வி! மாத்திரை அட்டைகளை ஒதுக்கிவிட்டு ஸ்கேலை எடுக்கிறாள். மிச்சமிருக்கும் புதுத் தாள்களில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு, மேலே ‘மதியம்’ என்று எழுதுகிறாள்.