லுபோஷ் இறந்த தேதி

"இங்க லஞ்சம் வாங்கக் கூடாது யார்மிலாம்மா" என்று சிரித்துக்கொண்டே, கசகசா ரொட்டி இருந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் ரெனாட்டா. நகராட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் அவள் பொறுப்பில் இருந்தன.

"லஞ்சம் இல்லடியம்மா, கூலி! மூணு வாரமா உன் உயிரை வாங்கிட்டிருக்கேனே."

யார்மிலா ஒரு பெரிய தாளை மேசைமேல் விரித்தாள். ஐந்து தலைமுறை வம்சாவளி. சனிக்கிழமை பேத்தி கல்யாணத்துக்குப் பரிசு. எல்லாக் கட்டங்களிலும் தேதிகள் நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர.

"லுபோஷ், பிறப்பு 1973 மார்ச் 4. இறப்புன்னு எழுதிக் காலியா விட்டிருக்கீங்க. இது யாரும்மா?"

"என் மூத்த பையன். அப்ப எனக்குப் பதினெட்டு வயசு, கல்யாணம் ஆகல." யார்மிலாவின் குரல் தாழ்ந்தது. "பெத்ததும் ஜன்னி கண்டு கெடந்தேன். குழந்தை போயிடுச்சுன்னு அப்பாதான் சொன்னார். அடக்கத்துக்குன்னு ஏதோ தாள்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனார். எங்க புதைச்சாங்கன்னு கேட்டா முறைப்பார். அவர் சாகுற வரைக்கும் வாயே தெறக்கல."

"அழாதீங்கம்மா. தேதிதானே? பாத்துடலாம்."

1973ஆம் ஆண்டின் இறப்புப் பதிவேட்டை ரெனாட்டா எடுத்து வந்தாள். மார்ச், ஏப்ரல் பக்கங்களில் இரண்டு முறை விரலை ஓட்டினாள். அந்தப் பெயர் இல்லை.

"இருங்க, பிறப்புல பாக்குறேன்."

அங்கே இருந்தது. பதிவின் எழுத்துகள் பழுப்பேறி மங்கியிருந்தன. ஓரத்தில், பிற்பாடு சேர்த்த இரண்டு குறிப்புகள். ஒன்று அதே பழுப்பு, மற்றது நல்ல கறுப்பு மை. படித்த ரெனாட்டாவின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. சட்டென்று பதிவேட்டை மூடினாள்.

"இதை நான் காட்டக் கூடாதும்மா."

"என்னடி இது? பெத்தவளுக்கே காட்டக் கூடாதா?"

"சட்டப்படி நீங்க அவருக்கு அம்மா..." ரெனாட்டா மூடிய ஏட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டை நீயே வெச்சுக்கோ." யார்மிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுபது வயசாச்சு கண்ணு. அம்பது வருஷத்துக்கு மேல, எந்த நாள்ல அவனுக்கு மெழுகுவத்தி ஏத்துறதுன்னுகூடத் தெரியாம இருக்கேன். ஒரே ஒரு தேதி. அதைச் சொன்னா யார் குடி முழுகிடப் போகுது?"

ரெனாட்டா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தும் நிமிரவில்லை.

யார்மிலா பேனா மூடியைக் கழற்றி, அந்தக் கட்டத்தில் முனையை வைத்தாள். "சொல்லு. மார்ச்சா, ஏப்ரலா?"

"போன மாசம் பதினாலாம் தேதிம்மா."