இரண்டு தாவல்களுக்கு இடையே

மானேஜர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவனால் பின்னால் நகர முடியவில்லை.

திரையில் புள்ளிகள் விழத் தொடங்கியிருந்தன. மேல்மாடியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிறவர்களின் விரல்கள் அவை. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவிலான இடைவெளி, ஒரு புள்ளி.

யாரோ கையால் அடிக்காமல் புரோகிராம் வைத்து அடிக்கிறார்கள் என்று மானேஜருக்குச் சந்தேகம். மாட்டினால் அன்றே வேலை போய்விடும். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவனிடம் வந்தது.

அந்த யாரோ அவனுடைய அக்கா. புரோகிராம் அவன் எழுதியது. அவள் மைக்கில் மெல்லச் சொல்வாள், அது அடிக்கும்.

நேற்றுவரை பயமில்லை. கம்ப்யூட்டரின் சாதாரணக் கடிகாரம் நடப்பதில்லை, தாவுகிறது. ஒரு தாவலுக்குள் விழுந்த எழுத்துகளுக்கெல்லாம் ஒரே நேரம்தான். அந்தக் கடிகாரத்தில் எல்லாருடைய விரல்களும் ஒன்றுபோலவே தெரிந்தன.

மானேஜர் அதைவிட நுணுக்கமான கடிகாரம் கேட்டார். மறுத்தால் ஏன் என்பார் என்று பொருத்திக் கொடுத்தான். அதோடு, எழுத்துக்கு எழுத்து தாறுமாறாகக் காத்திருக்கும்படி, மனிதக் கை போலத் தயங்கும்படி, புரோகிராமுக்கு அவன் முன்பே சொல்லி வைத்திருந்தான்.

இப்போது எல்லாருடைய புள்ளிகளும் கொட்டிய கடுகாகச் சிதறின.

அக்காவுடையவை மட்டும் கோடு கோடாக வரிசை கட்டி நின்றன.

காத்திரு என்று சொன்னது அவன். காத்திருந்ததைத் தட்டி எழுப்பியதோ அதே பழைய கடிகாரம். தாவும்போது மட்டுமே எழுப்பியிருக்கிறது, அதனால் அக்காவின் இடைவெளிகள் எல்லாம் முழு முழுத் தாவல்கள். எப்படி மறந்தான் இதை?

அந்த அறையின் ஜன்னல் திறக்கிற ஜன்னல் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பறவை சத்தமே இல்லாமல் எதையோ கத்திக்கொண்டிருந்தது.

மானேஜர் குனிந்து, அந்த வரிசைகளின்மேல் விரலை வைத்தார்.

“இது உங்க அக்கா சீட்டுதானே? அடேங்கப்பா, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரில்ல இருக்கு! மத்ததெல்லாம் பாரு, கோழி கிளறின மாதிரி. திருடன அப்புறம் பிடிச்சுக்கலாம்யா. நாளைக்குக் காலைல எல்லாரையும் ஹால்ல கூட்டுறேன். உங்க அக்கா முன்னாடி உக்காந்து அடிச்சுக் காட்டட்டும், இதுங்களுக்கு அப்பவாவது புத்தி வரட்டும்.”

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நாற்காலி விடுபட்டது. அவன் நகரவில்லை.

சிறிது நேரத்தில் அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மானேஜர் என்னப் பாத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சிட்டுப் போறாரு. என்னடா பண்ணித் தொலைச்ச? சரி சரி, கோட்ட மாட்டி விடு, பஸ் போயிரும்.”

ஆபீஸில் யார் கண்ணிலும் படாமல் அவள் மறைத்துவந்த, மடங்கியது மடங்கியபடியே இருக்கும் விரல்களைக் கோட்டின் ஒவ்வொரு கைக்குள்ளாக நுழைத்துவிட்டான்.

பிறகு குனிந்து, கடைசிப் பொத்தானிலிருந்து போடத் தொடங்கினான். அவள் முகம்வரை வர இன்னும் நான்கு பொத்தான்கள் இருந்தன.