மரங்கொத்தி முடித்த பொந்து

மைனாவுக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. பொந்துக்கு மரங்கொத்தி, மெத்தை போடும் நாருக்கு அணில் என்று பேச்சு. தினமும் விடிந்ததும் மூவரும் ஒரே கிளையில் கூடி, வேலை எங்கே நிற்கிறது என்று சொல்வது வழக்கம்.

அன்று மரங்கொத்தி, "முடிஞ்சுது" என்றது. அணிலும், "முடிஞ்சுது" என்றது. வலி தாங்காத மைனா, அதை நம்பி இருட்டுப் பொந்துக்குள் நுழைந்து முட்டையிட்டது. தரை வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. தடுக்க ஓர் இழை நார்கூட இல்லை. முட்டை உருண்டு கீழே விழுந்தது.

"தரை சரிவா இருக்கே அண்ணே!" என்று கதறியது மைனா.

"குடையச் சொன்னே, குடைஞ்சேன். மட்டம் பார்க்கவா சொன்னே?" என்றது மரங்கொத்தி.

"நார் எங்கேடா அணிலு?"

"கொண்டுவந்தாச்சே! மரத்தடியிலே குவிச்சிருக்கேன் பாரு."

அந்தக் குவியலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் முட்டை உடைந்து கிடந்தது.

மைனாவின் வயிற்றில் அடுத்த முட்டை கனத்தது. "இனிமேலாவது, முடிஞ்சுதுன்னா என்னன்னு பேசி வச்சுக்கலாமே" என்று கெஞ்சியது.

"முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுதான். இதுல பேச என்ன இருக்கு?" என்றன இரண்டும். அவை ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

வேறு போக்கிடம் இல்லாத மைனா அதே பொந்துக்குள் போய், தன் உடம்பாலேயே வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.