எழுப்புகிற வேலை

"நவமணி, எழுந்திரு புள்ள. பெரட்டுல பேர் கூப்பிடுற நேரமாச்சு. மண்டோர் கத்துவாரு."

சன்னாசி நாலு தடவை கூப்பிட்டுத் தோளைத் தட்டினால்தான் புது மனைவி கண் திறப்பாள். ராத்திரியெல்லாம் ஊர்க்கதை பேசுகிறவள், விடிகாலையில் கட்டை மாதிரி கிடப்பாள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற வீட்டுக்கு இது ஆகுமா?

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து விருந்துக்கு வந்த கொழுந்தியாள் கலாவதியிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"ஒங்க அக்கா சரியான தூங்குமூஞ்சி லா."

"அக்காவா? எங்க லயத்துல சேவலுக்கு முன்னாடி அவதான் எழுந்திரிப்பா, மாமா."

மறுநாள் காலையில் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். அசந்து கிடந்தவளின் நெற்றியில் ஈரம் காயாத திருநீறு.

"கனவுல கோயிலுக்குப் போனியா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"குளிச்சி, சாமி கும்பிட்டு, வந்து படுத்தாச்சு. நீங்கதான் இன்னும் என்னைக் கூப்பிடல."